கிடங்கு என்றால் குடோன் இல்லை

தெல்லிப்பழை
08.03.2025

அன்பான சித்தப்பாவுக்கு,

கஜி எழுதிறன். இங்கை அப்பா, அம்மா, நான், ரெண்டு ஆடு எல்லாரும் சுகம். உங்கடை பிறசர் எப்பிடி? குளிசை ஒழுங்காய்ப் போடுறியளோ?

போன கிழமை ரெண்டு தரம் உங்களுக்குப் போன் எடுத்தனான். ரெண்டு தரமும் கட் பண்ணிப்போட்டு "மெயிலில் எழுது" எண்டு மெசேச் போட்டியள். அப்பாவுக்கும் இருவது வருசமாய் இதைத்தான் சொல்லுறியளாம். சொந்தச் சித்தப்பாவின்ரை குரல் எப்பிடி இருக்கும் எண்டே எனக்குத் தெரியாது. சரி, எழுதிறன். நீளமாய்த்தான் எழுதுவன். பிறகு குறை சொல்லக்கூடாது.

விசயம் என்னெண்டால், மெட்ராசிலை ஒரு பதிப்பகம் "வியாழனின் பிள்ளைகள்" எண்டு ஒரு புத்தகம் போடப்போகுது. வியாழனைச் சுத்திற நிலவுகளைப் பற்றி. இருவத்தைஞ்சு வயசுக்குக் கீழை ஆர் எண்டாலும் எந்த நாட்டிலை இருந்தும் எழுதலாம். பேர் போடாமல் நம்பர் போட்டுத்தான் தெரிவு செய்வினமாம். அதுதான் எனக்குப் பிடிச்சது. பேர் இல்லையெண்டால், நான் ஏ.எல். கொமர்ஸ் படிச்சனான், சுன்னாகத்திலை கொமினிகேசன் கடையிலை போட்டோக்கொப்பி அடிக்கிறன் எண்டு அவைக்குத் தெரியாதுதானே. அறிவித்தலையும் இதோடை அனுப்பியிருக்கிறன். அந்தப் பதிப்பகம் நீங்கள் வேலை செய்யிற அச்சகத்துக்குப் பக்கத்திலையோ தெரியாது.

நான் கலிஸ்ரோவைப் பற்றி எழுதிறன். எல்லாரும் யூரோப்பா, யூரோப்பா எண்டு சாகினம். யூரியூப்பிலை யூரோப்பாவுக்கு ஆயிரம் வீடியோ. கலிஸ்ரோவுக்கு "செத்த நிலவு" எண்டு ஒரு பேர் வைச்சு ரெண்டு நிமிசத்திலை முடிச்சுப்போட்டுப் போயிடுவினம். எனக்கு அதைக் கேட்டால் பத்திக்கொண்டு வரும். புதன் கிரகத்தளவு பெரிய நிலவு. நானூறு கோடி வருசமாய் ஒண்டையும் அழிக்காமல், தன்னிலை விழுந்த எல்லா அடியையும் அப்பிடியே வைச்சுக்கொண்டு நிக்குது. அது செத்ததோ? அது மறக்காதது.

கலிஸ்ரோ முழுக்கக் கிடங்கு, சித்தப்பா. எங்கடை வளவுக்குப் பின்னாலை கிடக்கிற குண்டு விழுந்த கிடங்கு மாதிரி, கோடிக்கணக்கிலை. நான் அந்தக் கிடங்கை அளந்தனான். குறுக்கை ஏழரை மீற்றர், ஆழம் ரெண்டு. விளிம்பு இன்னும் உயர்ந்துதான் நிக்குது. அது எப்ப விழுந்தது எண்டு அப்பாவைக் கேட்டன். "சித்தப்பாவைக் கேள், அவன்தான் முதல் பாத்தவன்" எண்டார். எப்ப விழுந்தது?

உடம்பைப் பாருங்கோ.

உங்கடை பெறாமகள்
கஜந்தினி


சென்னை
19.03.2025

அன்புள்ள கஜிக்கு,

உன் மடல் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். அண்ணனும் அண்ணியும் நலமாக இருப்பது கேட்டு மகிழ்ச்சி. இங்கே வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. எங்கள் தெருவுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணி லாரி வருகிறது. இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

போனில் பேச முடியாததற்கு வருந்தாதே. வேலை செய்யும் இடத்தில் பேச வசதியில்லை. வீட்டிலோ சுவர்கள் மெல்லியவை, வீட்டுக்காரர் மேல்மாடியில் இருக்கிறார். எழுதினால் ஆற அமரப் படிக்கலாம்.

நீ காலிஸ்டோ பற்றி எழுதுவது நல்ல முயற்சி. எனக்கு அறிவியல் தெரியாது. ஒரே ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். எல்லோருக்கும் புரியும்படி பொதுவான சொற்களில் எழுது. ஊர்ச் சொற்களைக் குறைத்துக்கொள்.

ஆடுகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா ஜெயரூபன்


தெல்லிப்பழை
02.04.2025

அன்பான சித்தப்பாவுக்கு,

எல்லாரும் சுகம். ஆடுகளுக்குச் சொன்னனான், அதுகள் கவனிக்கேல்லை. உங்கடை தெருவுக்குத் தண்ணி வருதோ?

"தண்ணி லாரி" எண்டு எழுதியிருந்தியள். அம்மா வாசிச்சுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. பவுசர் எண்ட சொல்லை அங்கை கொண்டுபோய் எந்தக் கடலிலை போட்டியள்? கிடங்கு எப்ப விழுந்தது எண்டு கேட்டதுக்கும் மறுமொழி இல்லை.

கட்டுரையை அனுப்பிப்போட்டன். என்ரை நம்பர் நாப்பத்தேழு. உங்களுக்காக ஒரு துண்டு:

"கலிஸ்ரோ முழுக்கக் கிடங்கு. கிடங்குக்கு மேல் கிடங்கு. இனி ஒரு புதுக் கிடங்கு வரவேண்டுமென்றால் அது ஒரு பழைய கிடங்கின் மேல்தான் வரவேண்டும், வேறு இடமில்லை. நாளைக்கு மனிதர்கள் அங்கே போனால் இந்தக் கிடங்குகளின் நிழலில்தான் தங்குவார்கள்."

எப்பிடி? பதினொரு தரம் திருத்தி எழுதினது.

மனிசர் போறதைப் பற்றித்தான் கடைசிப் பாதி முழுக்க. யூரோப்பா வியாழனுக்குக் கிட்ட நிக்கிறபடியால் அங்கை கதிர்வீச்சு. ஒரு நாள் வெளியிலை நிண்டால் ஆள் முடிஞ்சுது. கலிஸ்ரோ தூரத்திலை விலகி நிக்குது, அங்கை அந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. காலுக்குக் கீழை ஐஸ். ஐஸ் எண்டால் தண்ணி, தண்ணி எண்டால் மூச்சு, எரிபொருள், எல்லாம். அதுக்கும் கீழை, கன ஆழத்திலை, உப்புத் தண்ணிக் கடல் ஒண்டு இருக்கலாம் எண்டு சொல்லினம். மேலை நல்ல தண்ணி, கீழை உவர். எங்கடை கிணறுகள் மாதிரித்தான். இதை யாழ்ப்பாணத்தாளுக்கு ஒருத்தர் விளங்கப்படுத்த வேணுமோ?

ஒரு புதினமான விசயமும் இருக்கு. அங்கை சின்னக் கிடங்குகள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஐஸ் ஆவியாய்ப் போகப்போக மிஞ்சின கறுப்புத் தூசி வழிஞ்சு சின்னனுகளை மூடிப்போடுது எண்டு நினைக்கினம். வேறை சில இடத்திலை பெரிய கிடங்கின்ரை ஆழமும் இல்லாமல் போச்சு. ஐஸ் மெல்ல மெல்ல இளகி மட்டமாய் வந்திட்டுது. ஆனா வட்டம் மட்டும் அப்பிடியே தெரியும். ஆழம் இல்லாத கிடங்கு.

முடிவு மே மாதம். எனக்காக ஒரு கற்பூரம் கொளுத்துங்கோ. வெயிலுக்கை அலையாதையுங்கோ.

உங்கடை பெறாமகள்
கஜந்தினி


தெல்லிப்பழை
25.05.2025

சித்தப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நான் சுகமில்லை. கோவத்திலை தலையிடி. நீங்கள் சுகமோ?

நிராகரிச்சுப்போட்டினம். அதுக்கு எனக்குக் கோவமில்லை. நல்லாயில்லை எண்டு சொல்லியிருந்தால் அழுதுபோட்டு இருந்திருப்பன். யசிந்தா தெரியும்தானே, என்னோடை கடையிலை வேலை செய்யிறவள், அவள்தான் போனைக் கொண்டுவந்து காட்டினவள். அந்தப் புத்தகத்தின்ரை தொகுப்பாசிரியர் பேஸ்புக்கிலை எழுதியிருக்கிறார். அப்பிடியே கீழை போடுறன்.

"47ஆம் எண் கட்டுரைப்படி வியாழனோட நிலா முழுக்க குடோனாம். ஒரு குடோனுக்கு மேல இன்னொரு குடோன். மனுஷங்க போனா குடோன் நிழல்லதான் தங்கணுமாம். வாடகை எவ்வளவுன்னு மட்டும் எழுதல."

அறுநூற்றுப் பன்ரெண்டு பேர் சிரிச்சிருக்கினம். ஒராள் "அரிசி மூட்டை இருக்குமா" எண்டு கேக்கிறார். இன்னொராள் வியாழனுக்குப் பக்கத்திலை ஒரு லொறியை ஒட்டிப் படம் செய்து போட்டிருக்கிறார்.

எனக்கு முதல் விளங்கவே இல்லை. நான் எங்கை குடோன் எண்டு எழுதினனான்? பிறகு யசிந்தா அகராதியைத் தட்டிப் பாத்தவள். அங்கை கிடங்கு எண்டால் சாமான் அடுக்கிற இடமாம். சரி, இருக்கட்டும். அவையின்ரை தமிழ் அவைக்கு. ஆனா நாலாம் பந்தியிலை "விண்கல் மோதிக் கிடங்கு உண்டானது" எண்டு நான் எழுதியிருக்கிறன். விண்கல் மோதினால் குடோன் உண்டாகுமோ? ஒரு ஆளுக்கும் யோசிக்க மூளை இல்லையோ? உலகம் முழுக்க ஆரும் எழுதலாம் எண்டு கூப்பிட்டவை, உலகத்திலை வேறை தமிழ் இருக்கும் எண்டு நினைக்கேல்லையோ?

நான் கீழை கொமென்ற் எழுதினன். "கிடங்கு எண்டால் குழி" எண்டு. அதுக்கு ஒராள், "தங்கச்சி, முதல்ல தமிழ் கத்துக்கிட்டு அப்புறம் நிலாவுக்குப் போலாம்" எண்டு மறுமொழி போட்டிருக்கு. நான் தமிழ் படிக்கவேணுமாம்.

சித்தப்பா, நீங்கள் அங்கை அச்சகத்திலை வேலை செய்யிறனீங்கள். பதிப்பகக்காரர் ஆரையாவது தெரிஞ்சிருக்கும். ஒருக்கால் போய், எங்கடை பக்கம் கிடங்கு எண்டால் என்னெண்டு அந்த ஆசிரியருக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நம்புவினம், ரெண்டு தமிழும் தெரிஞ்ச ஆள். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகேல்லை. என்ரை கட்டுரை அதிலை வரவேணும், என்ரை சொல்லோடை வரவேணும். நான் கேக்கிறது அவ்வளவுதான்.

கெதியாய் எழுதுங்கோ.

உங்கடை பெறாமகள்
கஜந்தினி


சென்னை
14.06.2025

அன்புள்ள கஜிக்கு,

நலம். நீயும் கோபம் தணிந்து நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இடையில் வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை.

நடந்தது வருத்தத்துக்குரியது. இணையத்தில் மனிதர்கள் அப்படித்தான். நீ அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே.

ஒரு வழி இருக்கிறது. "கிடங்கு" வருகிற இடமெல்லாம் "பள்ளம்" என்று மாற்றி, ஒரு மன்னிப்புக் குறிப்போடு திரும்ப அனுப்பு. சேர்த்துக்கொள்வார்கள். கட்டுரையில் வேறு குறை எதுவும் இல்லை. கடைசிப் பகுதி நன்றாகவே வந்திருக்கிறது. ஒரு சொல்தானே, விட்டுக்கொடு.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் விசாரிப்பு.

அன்புடன்,
சித்தப்பா ஜெயரூபன்


தெல்லிப்பழை
16.06.2025

சித்தப்பாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாய் இருக்க வேணும், ஏனெண்டால் உங்களோடை நான் சண்டை பிடிக்கப் போறன்.

மன்னிப்புக் குறிப்போ? ஆர் ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது?

பள்ளம் வேறை, கிடங்கு வேறை. அப்பாவிட்டைப் போய் "வளவுக்குப் பின்னாலை பள்ளம் கிடக்கு" எண்டு சொல்லிப் பாத்தன். "எங்கையடி பள்ளம்? பள்ளக் காணி எங்களுக்கில்லையே" எண்டார். பள்ளம் தானாய்க் கிடக்கும். மழைத் தண்ணி ஓடிப்போய் நிக்கும், அவ்வளவுதான். கிடங்கு அப்பிடியில்லை. கிடங்கு எண்டால் ஆரோ வெட்டினது, இல்லையெண்டால் ஏதோ வந்து விழுந்தது. முதல் அந்த இடம் மட்டமாய் இருந்தது, பிறகு ஒரு நாள் ஒண்டு நடந்தது. அந்த நடந்தது அந்தச் சொல்லுக்குள்ளை இருக்கு. கலிஸ்ரோவிலை இருக்கிறது பள்ளமில்லை. ஒவ்வொண்டும் ஒரு நாள். இதைவிடச் சரியான சொல் தமிழிலை இருந்தால் அவையைக் கொண்டுவரச் சொல்லுங்கோ, பாப்பம்.

இன்னொண்டு. "சேர்த்துக்கொள்வார்கள்" எண்டு எழுதியிருக்கிறியள். உங்களுக்கு எப்பிடித் தெரியும்? "கடைசிப் பகுதி நன்றாகவே வந்திருக்கிறது" எண்டும் எழுதியிருக்கிறியள். நான் உங்களுக்குக் கட்டுரையின்ரை ஒரு துண்டுதான் அனுப்பினனான். கடைசிப் பகுதியை நீங்கள் எங்கை வாசிச்சியள்?

குளிசை போடுங்கோ.

கஜந்தினி


தெல்லிப்பழை
28.08.2025

சித்தப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் இருக்கிறியளோ?

ஜூஸ் எண்டு ஒரு விண்கலம் வியாழனுக்குப் போய்க்கொண்டிருக்கு. கலிஸ்ரோவுக்குப் பக்கத்தாலை இருவத்தொரு தரம் போகப்போறது அதுதான். ஜூலையிலை திடீரெண்டு பூமியோடை அதின்ரை கதை நிண்டுபோச்சாம். கோடிக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி, ஆளில்லாத ஒரு பெட்டி. அதுகூட இருவது மணித்தியாலத்திலை மறுமொழி சொல்லிப்போட்டுது.

உங்களுக்கு எழுபத்துமூண்டு நாள். இடையிலை கிடக்கிறது ஒரு முழம் கடல்.

அப்பா பின்வளவுக் கிடங்கை மூடப்போறாராம். மண் கேட்டிருக்கிறார். வாழை வைக்கவாம்.

நான் கேட்டதுக்கு மறுமொழி எழுதுங்கோ.

கஜந்தினி


சென்னை
04.09.2025

பிள்ளை,

சுகம் விசாரிக்க எனக்கு இண்டைக்கு முகமில்லை. இருக்கிறன்.

நான் அச்சகத்திலை வேலை செய்யேல்லை. அந்தப் பதிப்பகத்திலைதான் இருவத்திரண்டு வருசமாய்ப் புரூப் பாக்கிறன். வாற கட்டுரை எல்லாம் முதல் என்ரை மேசைக்குத்தான் வரும். நீ அனுப்பின அறிவித்தலின்ரை எழுத்துப் பிழையைத் திருத்தினதும் நான்தான்.

நாப்பத்தேழாம் நம்பர் வந்த நாள் முதல் வரியிலையே எனக்குத் தெரியும். பேர் எதுக்கு? கிடங்கு எண்டு கிடந்தது. நான் அந்தச் சொல்லைக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தன். அப்ப ஆசிரியர் வந்து என்ரை தோளுக்கு மேலாலை எட்டிப் பாத்தார்.

"என்ன சார் இது, ஒரே கிடங்கு கிடங்குன்னு வருது? கிடங்குன்னா என்ன?"

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். சொன்னால் அடுத்தது, "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" எண்டு கேட்பார். அங்கை எல்லாருக்கும் நான் ராமநாதபுரத்தான். மெட்ராசுக்கு வந்த புதிசிலை வீடு கேட்டுப் போனால் கதைக்கிறதை வைச்சே "சிலோனா?" எண்டு கேப்பினம். ஓம் எண்டால் வீடு இல்லை. அப்பிடி ஒன்பது வீடு. பத்தாவது வீட்டிலை நான் "ஆமாங்க, ராம்நாட் பக்கம்" எண்டன். வீடு கிடைச்சுது. பிறகு வேலையும் அப்பிடியே. ஒருக்கால் சொன்னால் பிறகு நிப்பாட்டேலாது, பிள்ளை. அதுதான் போன் எடுக்கிறேல்லை. அண்ணையின்ரை குரலைக் கேட்டால் என்ரை வாய் தானாய்த் திரும்பியிடும். பக்கத்திலை நிக்கிற ஆக்களுக்குக் கேட்டிடும்.

நான் ஆசிரியருக்கு என்ன சொன்னனான் தெரியுமோ? "குடோன்தானே சார்" எண்டன்.

அவர் சிரிச்சார். நானும் சிரிச்சன். பிறகு தாளிலை உன்ரை சொல்லைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, பக்கத்திலை கேள்விக்குறி வைச்சன். அந்தப் பகிடி என்ரை வாயிலை இருந்துதான் துவங்கினது. அறுநூற்றுப் பன்ரெண்டு பேர் பிறகுதான் வந்தவை.

நீ கேட்டது. கிடங்கு விழுந்தது தொண்ணூறாம் ஆண்டு, ஒரு மத்தியானம். எனக்குப் பதினைஞ்சு வயசு. தூசி அடங்க முதல் ஓடிப்போய் உள்ளுக்குக் குதிச்சுப்போட்டன். மண் சுட்டது. அம்மா விளிம்பிலை நிண்டு, "டேய், கிடங்குக்குள்ளை இறங்காதை, ஏறி வா" எண்டு கத்தினவ. ரெண்டு மாதத்திலை என்னை இந்தியாவுக்கு வள்ளம் ஏத்திவிட்டினம். அம்மாவை நான் பிறகு காணேல்லை. அதுக்குப் பிறகு அந்தச் சொல்லை ஒருத்தர் சொல்லி நான் கேக்கவும் இல்லை. முப்பத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு உன்ரை கடிதத்திலை வந்தது, பிறகு மேசையிலை வந்து கிடந்தது. அதுக்குத்தான் நான் கேள்விக்குறி போட்டனான்.

மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறன்.

சித்தப்பா


தெல்லிப்பழை
30.09.2025

சித்தப்பாவுக்கு,

அப்பா, அம்மா சுகம்.

உங்கடை கடிதத்தை அப்பாவுக்குக் காட்டேல்லை. காட்டினால் அவர் அழுவார், உங்களுக்காக அவரை அழ விடுற அளவுக்கு என்ரை கோவம் இன்னும் இறங்கேல்லை.

வீடு தராமல் விட்டவையிலை எனக்குக் கோவம் வந்தது. உண்மையாய் வந்தது. ஒன்பது வீட்டுக்காரரையும் நிலவிலை கொண்டுபோய் இறக்கிவிட வேணும் போலை இருந்தது. ஆனா அது வேறை கோவம். இது வேறை. ரெண்டையும் நான் கலக்கமாட்டன்.

அறுநூற்றுப் பன்ரெண்டு பேர் சிரிச்சதைக் கூட விடலாம். அவைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கிடங்கு எண்டால் என்னெண்டு உலகத்திலை என்னைவிட வடிவாய்த் தெரிஞ்ச ஆள் நீங்கள். சூடு ஆற முதல் உள்ளை நிண்டனீங்கள். நீங்கள் குடோன் எண்டு சொன்னனீங்கள். அதோடை நிக்கேல்லை, எனக்குப் புத்தி வேறை சொன்னனீங்கள். பள்ளம் எண்டு மாத்து, மன்னிப்புக் கேள் எண்டு.

மன்னிப்பு எனக்கு வேண்டாம். கேள்விக்குறி போட்ட கை உங்கடை. அதை அழிக்கிற கையும் வேறை ஆருடையதாயும் இருக்கேலாது. நீங்கள் செய்யிறியளோ இல்லையோ, நான் இனிக் கேக்கமாட்டன். ஜூஸ் ரெண்டாயிரத்து முப்பத்தொண்டிலை அங்கை போய்ச் சேரும். அது எடுக்கிற படத்திலை இருக்கிறது குடோனோ கிடங்கோ எண்டு அப்ப எல்லாரும் பாக்கட்டும்.

பின்வளவுக் கிடங்கை அப்பா மூடிப்போட்டார். மூண்டு ட்ரக்டர் மண். மறிக்கத்தான் நினைச்சனான். விளிம்பிலை போய் நிண்டனான். அப்ப உங்கடை கடிதம் நினைவிலை வந்தது. மூடட்டும் எண்டு பேசாமல் வந்திட்டன். இப்ப அதுக்கும் சேத்து உங்களிலை கோவம்.

கஜந்தினி


சென்னை
29.10.2025

அன்பான கஜிப் பிள்ளைக்கு,

நான் சுகம். நீ விசாரிக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். பிறசர் கொஞ்சம் ஏறித்தான் கிடக்கு. காரணம் கீழை.

திங்கக்கிழமை ரெண்டாம் புரூப் வந்தது. உன்ரை இடத்திலை யூரோப்பாவைப் பற்றி இன்னொரு கட்டுரை போட்டிருந்தினம். யூரோப்பாவுக்கு ஏற்கெனவே நாலு கட்டுரை. நான் நாப்பத்தேழாம் நம்பரை எடுத்துக்கொண்டு ஆசிரியரின்ரை அறைக்குப் போனன். போற வழியிலை தண்ணி குடிச்சன், திரும்பி வந்தன், பிறகும் போனன்.

"சார், இதுல கிடங்குன்னா குழி. யாழ்ப்பாணத்துச் சொல். நான் அன்னைக்கு உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன்."

"அப்படியா? உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"எப்பவுமே தெரியும் சார். நான் தெல்லிப்பழை."

அவருக்கு அது எங்கை இருக்கு எண்டு விளங்கேல்லை. பிறகு விளங்கினது. கண்ணாடியைக் கழட்டினார். "ராமநாதபுரம்னுதானே சார் சொன்னீங்க? இருபத்திரண்டு வருஷமா?"

"ஓம்" எண்டன்.

"என்ன ஓம்?"

நான் வேணுமெண்டு சொல்லேல்லை, பிள்ளை. வாயிலை வந்திட்டுது. "ஓம்னா ஆமா சார். பொய் சொன்னேன்" எண்டன்.

அந்தாள் கண்ணாடியைத் துடைச்சுத் திரும்பப் போட்டுது. கெட்ட மனுசன் இல்லை, பகிடி கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பிறகு, "சரி, சேர்த்துக்கலாம். கீழ ஒரு அடிக்குறிப்பு போட்டுடுங்க, கிடங்கு என்றால் பள்ளம்னு" எண்டார்.

"பள்ளம் இல்லை சார். பள்ளம் தானா கிடக்கும். கிடங்குன்னா ஒண்ணு வந்து விழுந்திருக்கணும்" எண்டு உன்ரை கடிதத்திலை இருந்ததை அப்பிடியே எடுத்துவிட்டன். "அடிக்குறிப்பும் வேண்டாம். நாம குடோன்னு எழுதுறப்ப அவங்களுக்காக அடிக்குறிப்பு போடுறோமா?"

இருவத்திரண்டு வருசத்திலை நான் அந்த அறையிலை கதைச்ச ஆக நீளமான கதை அதுதான். அவர் தாளை வைச்சிட்டுப் போகச் சொன்னார். ரெண்டு நாள் சத்தமில்லை. மற்ற ஆக்களும் என்னோடை அளந்துதான் கதைச்சினம். இண்டைக்குக் காலமை வந்து பாத்தால் தாள் என்ரை மேசையிலை கிடக்கு. கேள்விக்குறி அப்பிடியே இருக்கு. அவர் வெட்டேல்லை, வெட்டுறதுக்கு எண்டு ஒரு சிவப்புப் பேனையை மேலை வைச்சிருந்தார். நான்தான் வெட்டினனான். அறுபத்தோராம் பக்கம். அடிக்குறிப்பு இல்லை. கலிஸ்ரோ எண்டுதான் போட்டிருக்கு, காலிஸ்டோ இல்லை. உன்ரை பேரையும் ஊரையும் ரெண்டு தரம் சரிபாத்தனான்.

வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. தெரியவரும்.

கிடங்கை மூடினது கவலைதான். அண்ணையிலை பிழை இல்லை.

சித்தப்பா


தெல்லிப்பழை
12.11.2025

அன்பான சித்தப்பாவுக்கு,

எல்லாரும் நல்ல சுகம். மழை துவங்கிட்டுது. உங்கடை பிறசர் எப்பிடி எண்டு இண்டைக்கு உங்களிட்டையே கேட்டிட்டன், எண்டாலும் எழுதிறன்.

ஆசிரியர் அந்தப் பேஸ்புக் பதிவை இன்னும் அழிக்கேல்லை. நான் காலமையும் பாத்தனான். அதுக்கு நான் விடமாட்டன். புத்தகம் வந்த உடனை அறுபத்தோராம் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்குக் கீழையே போடுவன். சொல்லி வையுங்கோ.

இண்டைக்குப் பதினொண்டு இருவதுக்குக் கடையிலை நிக்கேக்கை போன் வந்தது. உங்கடை நம்பர். கை தட்டுப்பட்டு வந்திருக்கும் எண்டுதான் நினைச்சன். எடுத்தால், "பிள்ளை, சித்தப்பா கதைக்கிறன்" எண்டு அச்சொட்டாய் அப்பாவின்ரை குரல். நான் கொப்பி மெசினை நிப்பாட்ட மறந்திட்டன். ஒராள் பிறப்புச் சான்றிதழ் ரெண்டு கேட்டவர், முப்பது வந்திட்டுது.

நீங்கள் ஒபிசிலை இருந்துதான் கதைக்கிறியள் எண்டு எனக்கு விளங்கினது. பின்னாலை ஆக்களின்ரை சத்தம் கேட்டது. ஒராள் "யார் சார் போன்ல?" எண்டு கேட்டது. நீங்கள் குரலைக் குறைக்கேல்லை. "என்ரை பெறாமகள்" எண்டியள்.

"பெறா... என்ன சார்?" எண்டு அந்தாள் திருப்பிக் கேட்டது.

நீங்கள் விளங்கப்படுத்தப் போவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். நீங்கள் விளங்கப்படுத்தேல்லை. "பொறுங்கோ, கதைச்சு முடிச்சிட்டுச் சொல்லுறன்" எண்டுபோட்டு என்னட்டை வந்தியள். "பிள்ளை, கிடங்கு இப்ப எப்பிடி இருக்கு?" எண்டு கேட்டியள்.

கடையிலை ஆக்கள் நிண்டபடியால் வடிவாய்ச் சொல்ல முடியேல்லை. இப்ப சொல்லுறன். மூண்டு நாள் மழைக்கு அப்பா கொட்டின மண் இறங்கிப்போச்சு. ஆழம் இல்லை, ஒரு சாண் வரும். ஆனா வட்டம் அப்பிடியே தெரியுது, விளிம்போடை. வாழைக்கன்றுகள் நடுவிலை தண்ணிக்கை நிக்குது. அப்பா இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டு, "உது மூடுப்படாது போலை" எண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டிலை நிப்பார். பத்து மணிக்கு எடுங்கோ.

உங்கடை பெறாமகள்
கஜந்தினி